பெறும் சபையிலிருந்து அனுப்பும் சபைக்கு: இந்திய மிஷனெரி சங்கமும் (1903) திருநெல்வேலித் திருச்சபையின் அருட்பணி மறுசிந்தனையும்

ஆய்வுச்சுருக்கம்

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பெற்ற இந்திய மிஷனெரி சங்கம், ஐரோப்பிய அமைப்புகளின் பொருளுதவியையும் மேலாண்மையையும் சாராமல், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே நிதி திரட்டித் தம்மவரை வேற்றுமொழி நாட்டுக்கு அனுப்பிய முயற்சியாகும். இம்முயற்சியில் திருநெல்வேலித் திருச்சபை எதிர்கொண்ட இடர்கள் எத்தகையன என்பதையும், அவற்றை ஏற்றதன் வழியாக அருட்பணி பற்றிய அதன் புரிதல் எவ்வாறு மாறியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. பணம், மொழி, தொலைவு ஆகியவற்றால் நேர்ந்த இடர்களைக் காட்டிலும், ‘அனுப்புவோர்’ என்னும் புதிய நிலையே அச்சபைக்குப் பெரிய இடராக அமைந்தது என்பதும், டோர்னக்கல் களமே அதனை வெளிப்படுத்தியது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திருநெல்வேலித் திருச்சபை, இந்திய மிஷனெரி சங்கம், வே.சா. அசரியா, டோர்னக்கல், தன்னாட்சி, சாதி, திருச்சபை ஐக்கியம்.

முன்னுரை

தமிழகக் கிறிஸ்தவ வரலாற்றை எழுதியோர் பெரிதும் மேலைநாட்டுக் குருமாரை மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். அச்சுக்கூடம், அகராதி, ஒப்பிலக்கணம், பெண்கல்வி எனத் தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த துறைகள் அனைத்திலும் சீகன்பால்கு தொடங்கிக் கால்டுவெல் வரையிலான பெயர்களே முன்நிற்கின்றன. அவர்களுடைய பங்களிப்பு மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவர்கள் உருவாக்கிய சபைகளில் அமர்ந்திருந்த தமிழ் மக்கள் தமக்கென்று எதனை முடிவுசெய்தனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆவணங்களை எழுதியவர்கள் மிஷனெரிகள். ஆகவே அவ்வாவணங்களில் சபையார் ‘கற்பிக்கப்பட்டனர்’, ‘சேர்க்கப்பட்டனர்’, ‘கண்டிக்கப்பட்டனர்’ எனச் செயப்பாட்டு வினையிலேயே பெரும்பாலும் இடம்பெறுகின்றனர்.

இந்திய மிஷனெரி சங்கத்தின் தோற்றம் இதற்கு விலக்கான ஒரு தருணம். பனையேறிகளும் சிறு வணிகர்களும் பள்ளி ஆசிரியர்களும் உபதேசியார்களும் நிறைந்த ஒரு சபை, தான் பெற்றுவந்த உதவியை இழக்க நேருமோ என்ற அச்சமும், தன்னால் இயலுமா என்ற ஐயமும் நீங்காத நிலையிலேயே ஒரு முடிவை எடுத்தது. அம்முடிவின் பின்விளைவுகள் அரை நூற்றாண்டுக்கு நீண்டன.

1903க்கு முந்தைய திருநெல்வேலி

திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குரியது. கிளாரிந்தா என்னும் பெண்மணி எழுப்பிய பாளையங்கோட்டை ஆலயம் 1785இல் சுவார்ட்ஸ் ஐயரால் திறக்கப்பெற்றது. 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது. 1820 முதல் இரேனியஸ் ஐயரின் பணியால் சபைகள் பெருகின. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்கும் நோக்கத்துடன் 1830இல் தர்ம சங்கம் ஏற்படுத்தப்பட்டது. உள்ளூர்ப் பணத்தைக் கொண்டு உள்ளூர்த் தேவையைத் தீர்க்கும் பழக்கம் இங்கிருந்தே வேர்கொண்டது எனலாம்.

சபையார் தம் விருப்பப்படி நடந்த தருணங்களும் இல்லாமற்போகவில்லை. 1835இல் இரேனியஸுக்கும் சி.எம்.எஸ். அமைப்புக்கும் இடையே பிளவு ஏற்பட்டபோது உபதேசியார்களும் சபைகளும் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1857இல் அருமைநாயகம் சட்டம்பிள்ளை, நாசரேத்துக்கு அருகே, ஐரோப்பியரின் கட்டுப்பாட்டை முற்றாகத் துறந்த இந்துக் கிறிஸ்தவச் சபையை நிறுவினார். மிஷனெரிகள் அதனைக் கலகமாகக் கண்டனர். ஆனால், ‘எமது சபையை யாமே நடத்துவோம்’ என்ற குரல் இந்நிலத்தில் 1903க்கு அரை நூற்றாண்டு முன்பே எழுந்துவிட்டது என்பதற்கு அது சான்று.

பிற இடங்களுக்கு ஆள் அனுப்புவதும் புதிதன்று. 1854இல் தொடங்கிய வட திருநெல்வேலிப் பயணப் பணியில் இராக்லாண்டு ஐயருடன், தென்பகுதிச் சபைகள் தம் செலவில் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. அதே காலத்தில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனிலும் திருநெல்வேலி உபதேசியார்கள் பணியாற்றினர். எனவே, தமிழ்க் கிறிஸ்தவர்கள் முதன்முதலாக அனுப்பியது 1903இல்தான் என்று சில நூல்களில் காணப்படும் கூற்று முழுமையானதன்று. முன்னைய முயற்சிகளில் ஆளும் பணமும் தமிழருடையவை. எங்கே போவது, யாரை அமர்த்துவது, எப்போது திரும்ப அழைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஐரோப்பியருடையது. 1903இல் மாறியது அந்த மூன்றாவது கூறு.

கோட்பாட்டளவில் இம்மாற்றத்தை எதிர்பார்த்தவர்களும் இருந்தனர். 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். செயலராக இருந்த ஹென்றி வென், சுதேசச் சபை தன்னைத் தானே தாங்கவும், ஆளவும், பரப்பவும் வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார். ஆயினும் நடைமுறை வேறாக இருந்தது. சார்ஜெண்ட், கால்டுவெல் ஆகிய இருவரும் 1877இல் துணைப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றனர். அவர்களுக்குப் பின் 1896இல் திருநெல்வேலி தனித் திருமண்டலமானபோதும் ஐரோப்பியரான மோர்லியே அதன் முதற் பேராயரானார். நூறாண்டு வயதுடைய சபைக்கும் மேற்பார்வையாளர் வெளியிலிருந்தே வந்தார். தாங்குதலில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஆளுதல் தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே வந்தது. இந்நிலையில் திருநெல்வேலிச் சபை மூன்றாவதான ‘பரப்புதல்’ வழியாக இரண்டாவதை நோக்கி நகர்ந்தது என்பது வென் வகுத்த வரிசையைத் தலைகீழாக்கிய ஒன்று.

யாழ்ப்பாணம் தந்த தூண்டுதல்

சங்கத்தின் தோற்றத்துக்கு முதன்மைக் காரணராக விளங்கியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்டு 17 அன்று வெள்ளாளன்விளையில், அவ்வூர்க் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகனாகப் பிறந்தார். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெறாமலே வெளியேறி, 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலரானார். 1898இல் அவர் மணந்த அன்பு மரியம்மாள், தென்னிந்தியாவில் கல்லூரிக் கல்வி பெற்ற முதற் கிறிஸ்தவப் பெண்களுள் ஒருவர்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள், தம் சிறு சேமிப்பைக் கொண்டு, பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழகக் கரையிலுள்ள தொண்டிக்கு ஒரு பணியாளரை அனுப்பித் தாங்கிவந்தனர். திருநெல்வேலியோடு ஒப்பிட எண்ணிக்கையில் சிறியது யாழ்ப்பாணச் சபை. அச்சிறு சபையின் மாணவர்கள், பெரிய சபை வாழும் தமிழகத்துக்கே ஆள் அனுப்பியிருந்தனர். இக்காட்சி அசரியாவை வெட்கமுறச் செய்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. வெட்கம் ஒரு வரலாற்றுக் காரணியாகுமா என்று கேட்கலாம். மானமும் ஊர்ப்பெருமையும் ஆழமாக வேரூன்றிய ஒரு சமூகத்தில் அது ஆகக்கூடியதே.

ஊர் திரும்பியபின் நண்பர்களோடு நடத்திய உரையாடல்களின் விளைவாக அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் சங்கம் அமைந்தது. அசரியா அதன் செயலரானார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்னும் மும்மைக் கொள்கை அதன் அடித்தளமாயிற்று. சங்கம் ஆங்கிலிக்கன் திருச்சபையை விட்டு விலகவில்லை. ஐரோப்பியக் குருமாரைப் பகைக்கவும் இல்லை. சட்டம்பிள்ளையின் வழியிலிருந்து இது வேறுபட்ட இடம் அதுவே. பிரிந்து சென்று தன்னாட்சி பெறுவதற்கு மாறாக, உள்ளிருந்தவாறே ஒரு பகுதியைத் தன்னாட்சிக்குரியதாக ஒதுக்கிக்கொண்டது.

அரிசியும் காணிக்கையும்

மும்மைக் கொள்கையின் நடுச்சொல்லே நடைமுறையில் கடினமானது. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. ஆகியவற்றின் நிதி, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உள்ளூர்ச் சபைகளுக்கும் இன்றியமையாததாக இருந்த காலம் அது. உள்ளூர்க் குருமாரின் சம்பளத்துக்கே சேகரங்கள் திணறியபோது, தெரியாத ஊரில் வாழும் தெரியாத மக்களுக்காக மேலும் காணிக்கை கேட்பது சிறு செயலன்று. வெளிநாட்டு உதவியை நாடுவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்ததால், ஓராண்டு மழை பொய்த்தாலும் பனைத்தொழில் குன்றினாலும் ஈடுசெய்யக் கைவசம் வேறு ஊற்று இல்லை. இதனை அறிந்தே சங்கம் அக்கொள்கையை ஏற்றது.

நிதி திரட்டலில் சபையின் பழைய வழக்கங்கள் கைகொடுத்தன. சோறாக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுப்பது திருநெல்வேலிப் பெண்களின் வழக்கம். ஸ்தோத்திரப் பண்டிகையில் விளைபொருள்களைப் படைத்து ஏலம் விடுவது மற்றொன்று. இக்காணிக்கை முறைகளில் பணப்புழக்கம் குறைந்த குடும்பமும் பங்குகொள்ள முடிந்தது. ஆலயக் குழுக்களில் இடம்பெறாத பெண்கள், அடுக்களையிலிருந்தவாறே இவ்வருட்பணியின் பொருளாதார அடித்தளமாக விளங்கினர். கணக்கேடுகளில் ரூபாயாக மாற்றி எழுதப்பட்டபோது அந்த அரிசி யாருடைய கையிலிருந்து வந்தது என்பது மறைந்துபோயிற்று. அருட்பணி வரலாற்றை மகளிர் நோக்கில் எழுத முனைவோர் இவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.

பிற்காலத்தில் அசரியா, கிறிஸ்தவக் கொடை பற்றித் தனிநூல் எழுதுமளவுக்கு இப்பொருளில் ஆழ்ந்தார். வறியோர் கொடுக்கத் தேவையில்லை என்பது இரக்கமாகத் தோன்றினும், உண்மையில் அவர்களைச் சிறுமைப்படுத்துவதே என்பது அவர் நிலைப்பாடு. தெலுங்கு நாட்டின் நிலமற்ற கூலித்தொழிலாளரிடமும் அவர் கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பழக்கினார். இதனை ஏழையின் மேல் ஏற்றிய சுமை என்று குறை கூறுவோரும் உளர். அக்குறையில் உண்மையில்லாமலில்லை. எனினும், பெறுவோர் எப்போதும் பெறுவோராகவே இருக்கும் உறவில் சமத்துவம் பிறவாது என்பதைத் தம் சபையின் சொந்த அனுபவத்திலிருந்தே அவர் அறிந்திருந்தார்.

டோர்னக்கல்: அண்டை நாட்டில் அந்நியர்

வேறெந்த அமைப்பும் பணியாற்றாத நிலப்பகுதி ஒன்றைச் சங்கம் தேடியது. ஐதராபாத்து நிஜாம் ஆட்சிக்குட்பட்ட வாரங்கல் பகுதியில் மானுகோட்டா வட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிலுள்ள டோர்னக்கல், சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் இரயில் சந்திப்பு. இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. பாளையங்கோட்டையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. மொழி தெலுங்கு, ஆட்சிமொழி உருது, பிரித்தானிய இந்தியாவின் நேரடிச் சட்டங்கள் செல்லாத சமஸ்தானம். சங்கத்தின் முதற்பணியாளர் அங்குச் சென்றபோது தமிழ் அறிந்த சபையும் இல்லை, தங்க மிஷன் வளாகமும் இல்லை.

தெலுங்கு நாடு அருட்பணி வரலாற்றில் அறியப்படாததன்று. ஓங்கோலில் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2222 பேர் திருமுழுக்குப் பெற்ற நிகழ்வு, அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனைப் புகழ்பெறச் செய்திருந்தது. அங்குத் திரளாகச் சேர்ந்தவர்கள் மாதிகர். பிற பகுதிகளில் மாலரும் சேர்ந்தனர். டோர்னக்கல் வட்டாரத்திலும் சங்கத்தின் செய்திக்குச் செவிசாய்த்தோர் இவ்விரு சமூகத்தினரே. ஊருக்கு வெளியே வாழ்ந்து, நிலவுடைமையாளர்க்கு வெட்டிவேலை செய்யக் கட்டுண்ட மக்கள் அவர்கள்.

திருநெல்வேலிச் சபைக்கு உண்மையான இடர் தொடங்கியது இங்குதான். சங்கத்தை உருவாக்கியோரில் பெரும்பான்மையோர் நாடார் கிறிஸ்தவர்கள். தென்மாவட்டங்களில் நாடார் சமூகம் தன் சமூகத் தகுதிக்காகக் கடுமையாகப் போராடிவந்த காலம் அது. சிவகாசிக் கலவரம் 1899இல் நிகழ்ந்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்தது. 1908இல் பிரிவி கவுன்சில் அதில் நாடார்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவ நாடார்கள் இவ்வழக்குகளில் நேரடியாக ஈடுபடாவிடினும், தாழ்த்தப்பட்டோர் என்ற அடையாளத்திலிருந்து விலகிச் செல்லும் சமூக உந்துதல் அவர்களையும் தொட்டே இருந்தது. அத்தகைய ஒரு சமூகம், சாதியடுக்கின் அடியில் வைக்கப்பட்ட மாலரோடும் மாதிகரோடும் ஒரே திருவிருந்தில் கலப்பதைத் தன் பணியாக ஏற்றது. ஏறிவந்த படிகளில் ஒருசிலவற்றையேனும் இறங்க வேண்டியிருந்தது. மிஷனெரி வரலாறுகளில் மொழியும் காய்ச்சலும் தொலைவும் இடர்களாகப் பட்டியலிடப்படுகின்றன. இவ்விடர் அப்பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. திருநெல்வேலியில் ஐரோப்பியர் வகித்த இடத்தை டோர்னக்கலில் தமிழர் வகித்தனர். படித்தவர், சம்பளம் பெறுபவர், உச்சரிப்பில் அந்நியர், முடிவெடுப்பவர் ஆகிய அனைத்தும் இப்போது அவர்களே. தாம் யாரிடம் குறைகண்டார்களோ அவர்களுடைய நாற்காலியிலேயே அமர நேர்ந்ததால்தான், அக்குறையின் உள்ளமைப்பை அவர்களால் காண முடிந்தது எனலாம். 1909இல் அசரியா குருப்பட்டம் பெற்று டோர்னக்கலுக்கே குடியேறினார். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தொடங்கப்பட்ட தேசிய மிஷனெரி சங்கத்தின் பொதுச்செயலராக நாடெங்கும் அறியப்பட்டிருந்த ஒருவர், ஒரு குக்கிராமச் சந்திப்பில் கூடாரத்தில் தங்கித் தெலுங்கு கற்கத் தொடங்கினார். அனுப்புவதோடு நின்றுவிடலாகாது, செல்லவும் வேண்டும் என்ற அம்முடிவு, சங்கத்தின் செயலரே சங்கத்தின் ஊழியராவதாகும். பதவிப் படிக்கட்டை நன்கறிந்த திருச்சபை வட்டாரங்களில் இது வியப்புடன் பார்க்கப்பட்டதில் வியப்பில்லை.

எடின்பரோ உரை

மறு ஆண்டு, 1910 ஜூனில், எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த ஏறத்தாழ 1200 பேராளர்களில் ஆசியத் திருச்சபைகளைச் சேர்ந்தோர் இருபதுக்கும் குறைவே. ஜூன் 20 அன்று மாலை, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான கூட்டுறவுச் சிக்கல் குறித்து அசரியா உரையாற்றினார். அவருக்கு அப்போது வயது 35. ஐரோப்பிய மிஷனெரிகள் இந்திய உடன் ஊழியர்களைத் தம் வீட்டு உணவு மேசைக்கு அழைப்பதில்லை, சமமாகப் பழகுவதில்லை, மேலதிகாரி–பணியாள் உறவே நிலவுகிறது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். வந்தவர்களின் தியாகத்தையும் ஈகையையும் ஏற்றுப் போற்றியபின், இவற்றோடு நட்பும் வேண்டும் என்று கேட்டு முடித்தார். அவையில் சிலர் சினந்தனர்; சிலர் அதனை மாநாட்டின் சிறந்த உரையாகக் கொண்டனர்.

இவ்வுரை காலனியத்தை எதிர்த்த ஓர் இந்தியரின் முறையீடாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு பொருந்துவதே. ஆயினும் அவ்வுரையை நிகழ்த்தியவர் டோர்னக்கலிலிருந்து சென்றவர் என்பதை மனங்கொண்டு வாசிக்கும்போது வேறொரு பரிமாணம் புலப்படுகிறது. மாலர் வீட்டிலும் மாதிகர் வீட்டிலும் தமிழ் ஊழியர் உணவருந்துகின்றனரா என்பது அவர்முன் நாள்தோறும் நின்ற வினா. மேலைநாட்டாரிடம் அவர் நட்பைக் கேட்டபோது, அதே அளவுகோல் தம் சபைக்கும் பொருந்தும் என்பதை அவர் அறியாதிருக்க வாய்ப்பில்லை.

பேராயமும் கிராமச் சபையும்

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்டின் முயற்சியால், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. ஐரோப்பியக் குருமார் ஓர் இந்தியரின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவரா என்ற வினா அதற்கு முன்னரே கடுமையாக விவாதிக்கப்பட்டது. தொடக்கத்தில் திருமண்டலத்தின் பரப்பைச் சிறிதாக வைத்ததன்மூலம் அவ்வினா ஓரளவு தள்ளிப்போடப்பட்டது. பின்னர் கிருஷ்ணா வட்டாரப் பகுதிகள் சேர்ந்தபோது ஐரோப்பிய மிஷனெரிகளும் அவர் மேற்பார்வையின்கீழ் வந்தனர்.

ஒரு தமிழர் தெலுங்கு மக்களின் பேராயரானது, அனுப்பிய சபைக்குப் பெருமை. ஆனால் அதனுடன் சங்கத்தின் நிலையும் மாறியது. களம் இனிப் பாளையங்கோட்டைக் குழுவின் உடைமையன்று. அது ஒரு திருமண்டலத்தின் பகுதி. தெலுங்குச் சபையை வளர்ப்பதென்றால் தமிழ்ச் சங்கத்தின் பிடி தளர வேண்டும். தாம் சேர்த்த அரிசியால் வளர்ந்ததைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் விடுவது கொடுப்பதினும் கடினம்.

டோர்னக்கலில் உருவான முறைமைகள் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன. கிராம ஊழியர் பயிற்சியில் கணவரோடு மனைவியும் சேர்த்துப் பயிற்றுவிக்கப்பட்டார். அன்பு மரியம்மாள் பெண்களிடையே ஆற்றிய பணி இதற்கு உறுதுணை. உயர்கல்வி பெற்ற சிலரைவிட, தம் கிராமத்தாரோடு ஒன்றி வாழத்தக்க பலரைக் குருத்துவத்துக்கு ஆயத்தப்படுத்துவதே நோக்கமாக இருந்தது. ‘சாட்சி வாரம்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் சாதாரணச் சபையார் அண்டை ஊர்களுக்குச் சென்றனர். சம்பளம் பெறும் ஊழியரின் வேலையாக இருந்த அருட்பணி, திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரின் கடமையாக வரையறுக்கப்பட்டது. பெறும் சபை அனுப்பும் சபையாகப் பாளையங்கோட்டையில் நூறாண்டு பிடித்தது. டோர்னக்கலில் அது திருமுழுக்கு நாளிலேயே தொடங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

1914இல் தொடங்கி 1939 ஜனவரி 6 அன்று திருநிலைப்படுத்தப்பட்ட டோர்னக்கல் பேராலயம், திராவிடக் கோயிற் கட்டடக் கூறுகளையும் இசுலாமியக் குவிமாடங்களையும் இணைத்துக் கட்டப்பட்டது. கட்டி முடிக்க இத்தனை ஆண்டுகள் ஆனது, பெரும் பகுதி உள்ளூர் உழைப்பையும் காணிக்கையையும் நம்பியிருந்த ஒரு பணியின் இயல்பான வேகம்.

1930களின் நெருக்கடி

1930களில் இடரின் தன்மை மாறியது. 1932ஆம் ஆண்டின் வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதிகளை வழங்கியது. சிறுபான்மைச் சபைக்கு இது காப்பாகத் தோன்றியிருக்கக்கூடும். அசரியா அதனை எதிர்த்தார். அரசியல் எண்ணிக்கைக்காக மக்கள் சேர்க்கப்படுகின்றனர் என்ற ஐயத்தை அது வலுப்படுத்தும் என்பதும், திருச்சபை ஒரு வகுப்பாகச் சுருங்கிவிடும் என்பதும் அவர் அஞ்சியவை. ஆனால் அதே காலத்தில், தாழ்த்தப்பட்டோர் திரளாகத் திருமுழுக்குப் பெறுவதைக் காந்தியடிகள் கடுமையாக விமரிசித்தபோது, அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கவும் அவர் மறுத்தார். 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தபின் இவ்விவாதம் மேலும் கூர்மையடைந்தது.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கருதுவோர் உண்டு. தொகுதிப் பாதுகாப்பை மறுத்ததும் மதமாற்ற உரிமையை வலியுறுத்தியதும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று கொள்வதே பொருத்தம்: அரசின் காப்பையும் எதிர்பாராமல், தேசியத் தலைமையின் ஒப்புதலையும் எதிர்பாராமல் இயங்க வேண்டும் என்னும் முடிவு. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்ற 1903ஆம் ஆண்டின் முடிவோடு இது ஒத்திசைகிறது. அதனால் இருபுறமும் நண்பர்களை இழக்க நேர்ந்தது.

இக்காலத்தில் மறுசிந்தனை வேறொரு திசையிலும் நடைபெற்றது. 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டை ஒட்டி, செஞ்சையா, சக்கரை உள்ளிட்ட சென்னைச் சிந்தனையாளர்கள் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்வது குறித்த நூலொன்றை வெளியிட்டனர். நிறுவனமாகிய திருச்சபை இந்தியாவுக்குத் தேவையா என்பதே அவர்களின் அடிப்படைக் கேள்வி. வழக்கறிஞர்களும் கல்வியாளர்களும் மிகுந்த அக்குழுவினர் இந்து மெய்யியலோடு உரையாடினர். டோர்னக்கலின் மாலருக்கும் மாதிகருக்கும் திருச்சபை என்னும் கூட்டுறுப்பே முதன்முறையாகக் கிடைத்த பொது இடம். அதனைக் கலைத்துவிடலாம் என்ற சிந்தனை அவர்களுக்கு எட்டாதது. இறையியல் வரலாறுகள் முதற்குழுவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் கால்பங்கும் இரண்டாவதற்கு ஒதுக்குவதில்லை. நூல் எழுதியவர்களை நூல்கள் நினைவில் கொள்கின்றன.

தரங்கம்பாடியிலிருந்து நந்தியால் வரை

அருட்பணிக்களத்தில் பெற்ற பட்டறிவே அசரியாவைத் திருச்சபை ஐக்கியத்தை நோக்கித் திருப்பியது. டோர்னக்கலைச் சுற்றி மேதக்கில் வெஸ்லியன் மிஷனும், நல்கொண்டா, அனமகொண்டாப் பகுதிகளில் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனும் இருந்தன. ஒரே சாதி, ஒரே மொழி, ஒரே உறவுமுறை கொண்ட மக்கள், எந்த மிஷனின் எல்லைக்குள் ஊர் அமைந்திருக்கிறதோ அதற்கேற்ப வெவ்வேறு சபையினராயினர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய பிரிவினைகளின் காரணங்களைத் தெலுங்குக் கிராமத்தாருக்கு விளக்குவது இயலாததாகவும், விளக்கத் தேவையற்றதாகவும் இருந்தது. 1919 மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினர். இருவர் தவிர ஏனையோர் இந்தியர். பிளவுபட்ட சபையால் இந்தியாவில் நற்செய்திப்பணி ஆற்ற இயலாது என்ற அடிப்படையில் அக்கூட்டம் ஐக்கியத்துக்கான அறிக்கையை வெளியிட்டது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரையிலேயே இக்கூட்டம் நடந்தது.

பேச்சுவார்த்தைகள் 28 ஆண்டுகள் நீடித்தன. 1945 ஜனவரி 1 அன்று அசரியா டோர்னக்கலில் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கப்பெற்றது. திருநெல்வேலியும் டோர்னக்கலும் அதன் திருமண்டலங்களாயின.

ஆனால் டோர்னக்கல் திருமண்டலத்தைச் சேர்ந்த நந்தியால் பகுதியின் தெலுங்குச் சபைகள் புதிய திருச்சபையில் சேர மறுத்தன. எஸ்.பி.ஜி. மரபில் வளர்ந்த அவை, தம் ஆங்கிலிக்கன் அடையாளத்தையும் வழிபாட்டு ஒழுங்கையும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. மேலைநாட்டு மரபொன்றைப் பற்றிக்கொண்ட பிற்போக்கு என்று இதனைக் குறிப்பிட்டவர்கள் உண்டு. எனினும், தாழ்த்தப்பட்ட கிராமத்தார் மிகுந்த சபைகள், தம் பேராயரின் வாழ்நாள் கனவையும் தம் திருமண்டலத்தின் முடிவையும் மீறித் தாமே ஒரு முடிவெடுத்ததாகவும் அது வாசிக்கத்தக்கது. நந்தியால் பின்னர்த் தனித் திருமண்டலமாயிற்று. தென்னிந்தியத் திருச்சபையில் அது இணைந்தது 1970களில்தான்.